இதுவும் கலையா? சமகாலக் கலைஞர்களைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொச்சியில் 2012-இல் முதல் கொச்சி-முசிறிஸ் பினாலே (இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்று திட்டமிட்ட சமகாலக் கலைக் கண்காட்சி) நடந்தபோது ஒரு நண்பரோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். முசிறிஸ் என்பது நம் சங்கப் பாடல்களில் வரும் முசிறிதான். அந்தப் பெயர்தான் முதலில் என்னை இழுத்தது. அப்புறம் ஒவ்வொரு முறையும் யாரையாவது கூட்டிக்கொண்டு போவது வழக்கமாகிவிட்டது: அக்கா குடும்பம், அலுவலக நண்பர்கள், ஒரு தடவை பக்கத்து வீட்டுத் தமிழாசிரியர். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறவில்லை. அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, என் பதிலைக் கீழே தந்திருக்கிறேன். நான் கலை வரலாறு படித்தவன் இல்லை. பன்னிரண்டு பதின்மூன்று வருடங்களாக விடாமல் பார்த்து வருகிறவன். சில படைப்புகளை நேரில் பார்த்திருக்கிறேன், சிலவற்றைப் படங்களில் மட்டும்.

"மாடர்ன் ஆர்ட்டும் இதுவும் ஒண்ணுதானே?"

பேச்சில் இரண்டையும் கலந்துதான் சொல்கிறோம். நவீனக் கலை என்று புத்தகங்கள் சொல்வது, தோராயமாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1960-கள் வரை நடந்தவற்றை. பிக்காசோ அதில் வருவார். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தன் மாணவர்களோடு சேர்ந்து 1966-இல் சென்னைக்கு அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்ததும் அந்தக் கதையின் ஒரு பகுதிதான். சமகாலக் கலை அதற்குப் பிறகு வந்தது. அதைச் செய்கிறவர்களில் பலர் இன்று நம்மோடு வாழ்கிறவர்கள்.

சட்டம் போட்ட ஓவியத்தைத் தேடிக்கொண்டு உள்ளே போனால் ஏமாற்றமாக இருக்கும். இங்கே ஓர் அறை முழுக்கக் கடல்நீர் இருக்கலாம், மூலையில் மிட்டாய் குவிந்து கிடக்கலாம், சில நேரம் கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத்தான் வேலை வரும். நிறுவல் கலை என்று இதற்குத் தமிழில் ஒரு பெயர் இருக்கிறது. பேச்சில் எல்லாரும் இன்ஸ்டலேஷன் என்றுதான் சொல்கிறோம்.

"இதுக்கு என்ன அர்த்தம்னு சொல்லிடுங்க, பார்த்துட்டுப் போயிடறேன்."

இதைத்தான் அதிகம் கேட்டிருக்கிறேன். அக்காவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2014 டிசம்பரில் தொடங்கிய இரண்டாவது பினாலே. ஃபோர்ட் கொச்சியில் ஆஸ்பின்வால் ஹவுஸ் என்ற பழைய வணிகக் கிடங்கு வளாகத்தில், கடலைப் பார்த்த ஓர் அறை. தரையில் வட்டமான பெரிய பள்ளம். அதில் கறுப்பு நீர் இரைச்சலோடு சுழன்று சுழன்று நடுவில் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. சிற்பி அனிஷ் கபூர் செய்தது. 'டிசென்ஷன்' என்று பெயர். கீழே இறங்குதல் என்று வைத்துக்கொள்ளலாம்.

அக்கா தடுப்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "பயமா இருக்குடா" என்றாள். உடனே, "சரி, இதுக்கு என்ன அர்த்தம்?" என்றாள். "பயம்னு சொன்னியே, அது எதைப் பத்தின பயம்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், சின்ன வயதில் காவிரியில் குளிக்க இறங்கும்போது அம்மா காட்டி வைத்த சுழியைப் பற்றிச் சொன்னாள். "அந்தப் பக்கம் போனா உள்ள இழுத்துரும்" என்று அம்மா சொல்லுவாள். மேலே தண்ணீர் அமைதியாகத்தான் இருக்கும். நாற்பது வருடத்துக்கு முந்தைய அந்தப் பயத்தை, கடல் தெரியும் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் ஒரு பள்ளம் வெளியே கொண்டுவந்துவிட்டது.

கபூர் காவிரிச் சுழியை நினைத்துச் செய்யவில்லை. ஆனாலும் அக்காவுக்குக் கிடைத்தது தப்பான பதில் என்று நான் நினைக்கவில்லை. அர்த்தத்தை யாரோ ஒளித்து வைத்திருக்கிறார்கள், நாம் கண்டுபிடிக்க வேண்டும் என்ற நினைப்போடு பார்த்தால், நம் உடம்பு முதலில் சொன்னதைக் கேட்காமல் விட்டுவிடுவோம். நான் யாரைக் கூட்டிக்கொண்டு போனாலும் முதல் கேள்வியாக இதைத்தான் கேட்கிறேன்: உள்ளே வந்ததும் உங்களுக்கு என்ன ஆனது?

"சுவத்துல ஒட்டியிருக்கிற குறிப்பைப் படிச்சா இன்னும் குழப்பமா இருக்கே?"

உண்மைதான். பல குறிப்புகள் படைப்பைவிடக் கடினமாக இருக்கின்றன. பார்க்க வந்தவரை வாசலிலேயே நிறுத்திவிடுகிற எழுத்து அது. எனக்கு அதில் கோபம் உண்டு. நான் செய்வது இதுதான்: முதலில் இரண்டு மூன்று நிமிடம் சும்மா பார்ப்பேன். பிறகு பெயர், ஆண்டு, எந்தப் பொருளால் செய்தது என்ற மூன்றை மட்டும் படிப்பேன். நீளமான பத்தியைக் கடைசியில், மனம் இருந்தால்.

எந்தப் பொருளால் செய்தது என்கிற அந்த ஒரு வரி பல நேரம் போதும். பெங்களூர்க் கலைஞர் ஷீலா கௌடா 1998-இல் செய்த ஒரு படைப்பில், சிவந்த தடித்த கயிறு அறை முழுக்கத் தொங்கியும் நெளிந்தும் கிடக்கும். பொருள் வரியைப் பார்த்தால் நூல், ஊசி, குங்குமம். ஊசியில் கோத்த நீண்ட நூல்களைச் சேர்த்துக் குங்குமமும் பசையும் பூசித் திரித்த கயிறு அது. நுனியில் ஊசிகள் கொத்தாகத் தொங்கும். 'என் வலியை அவனிடம் சொல்' என்கிற பொருளில் பெயர். இவ்வளவு தெரிந்த பிறகு எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

"இதை என் பையனே செய்வான். இதுல என்ன திறமை இருக்கு?"

இதைச் சொன்னவர் முன்னால் அப்போது கிடந்தவை ஆட்டுக்கற்கள். அதே ஷீலா கௌடாவும் கிறிஸ்டோஃப் ஸ்டோர்ஸும் சேர்ந்து 2012 கொச்சியில் நூற்றுக்கும் மேற்பட்ட பழைய ஆட்டுக்கற்களைப் பரப்பி வைத்திருந்தார்கள். எல்லாம் பெங்களூர் வீடுகள் வேண்டாம் என்று தெருவுக்குத் தள்ளியவை.

அவர் சொன்னதில் பாதி சரி. கல்லை நகர்த்தி வைக்கத் தனித்திறமை வேண்டாம். ஆனால் அந்தக் கல்லைக் கவனித்தது யார்? கிரைண்டர் வந்ததும் ஆட்டுக்கல்லைக் கொல்லைக்குத் தள்ளினோம், அடுக்குமாடி வந்ததும் தெருவோரத்துக்கு. உடைக்க மட்டும் யாருக்கும் மனம் வரவில்லை. பொங்கலன்று மஞ்சள் பூசிப் பொட்டு வைத்த கல் அல்லவா? வேண்டவும் இல்லை, எறியவும் முடியவில்லை. நம் எல்லார் வீட்டிலும் நடந்த இந்தச் சங்கடத்தை ஒருவர் பார்த்து, ஒரே இடத்தில் சேர்த்து, ஏற்றுமதிச் சரக்கு மாதிரிக் கடலோரக் கிடங்கில் கிடத்தியிருக்கிறார். குழிக்குள் தேய்ந்து வழவழப்பான இடத்தை நான் கையால் தடவிப் பார்த்தேன். எத்தனை வருட மாவு, எத்தனை பெண்களின் தோள்பட்டை என்று தோன்றியது. கேள்வி கேட்டவரும் குனிந்து தடவினார். "எங்க வீட்டுது இதைவிடப் பெரிசு" என்றார்.

"ஆர்ட்டிஸ்ட் தன் கையால செய்யவே இல்லையாமே, ஆள் வெச்சுத்தான் செய்யறாங்களாமே?"

பல பேர் அப்படித்தான். சீனக் கலைஞர் அய் வெய்வெய் 2010-இல் லண்டன் டேட் மாடர்ன் அரங்கில் சுமார் 10 கோடி சூரியகாந்தி விதைகளைப் பரப்பினார். எல்லாம் பீங்கான். ஜிங்தெஷென் என்ற பழைய பீங்கான் ஊரில் சுமார் 1,600 பேர் அவற்றைச் செய்து, ஒவ்வொரு விதைக்கும் கையால் கோடு வரைந்தார்கள். மாவோவைச் சூரியன் என்றும் மக்களை அவர் பக்கம் திரும்பும் சூரியகாந்தி என்றும் வரைந்த காலத்தில் வளர்ந்தவர் அவர். அந்த 10 கோடியில் எந்த இரண்டும் ஒன்றுபோல் இல்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது.

நமக்கு இது புதிதும் இல்லை. சுவாமிமலைப் பட்டறையில் மெழுகில் உரு பிடிப்பவர் ஒருவர், வண்டல் மண் பூசுபவர் ஒருவர், உலோகம் உருக்கி ஊற்றுபவர் வேறு. சிலை ஸ்தபதி பெயரில்தான் வெளியே போகும். அதை நாம் ஏமாற்று என்று சொல்வதில்லை. ஆனால் அந்த 1,600 பேரின் பெயரும் சுவரில் இருந்திருந்தால் எனக்கு இன்னும் நிறைவாக இருந்திருக்கும்.

"வாழைப்பழத்தைச் சுவத்துல ஒட்டி அம்பது கோடிக்கு வித்தாங்களே, அதுவும் கலையா?"

மௌரீஸியோ கட்டெலான் என்ற இத்தாலியர் செய்தது. 2019 டிசம்பரில் மயாமி கலைச் சந்தையில் ஒரு வாழைப்பழத்தைச் சாம்பல் நிற டேப்பால் சுவரில் ஒட்டி 1,20,000 டாலர் விலை வைத்தார். அந்தப் படைப்பின் பிரதிகளில் ஒன்று 2024 நவம்பரில் நியூயார்க் ஏலத்தில் 62 லட்சம் டாலருக்குப் போனது. வாங்கியவருக்குக் கிடைத்தது ஒரு சான்றிதழும், எப்படி ஒட்ட வேண்டும் என்ற குறிப்பும். பழம் அழுகினால் புதுப் பழம் வைத்துக்கொள்ளலாம். வாங்கிய கிரிப்டோ பணக்காரர் அதை ஹாங்காங்கில் பத்திரிகையாளர்கள் முன்னால் சாப்பிட்டார்.

முதலில் கேட்டபோது நானும் கைவிரித்தேன். கலையின் விலை எவ்வளவு காற்றில் நிற்கிறது என்று அது காட்டுகிறது என்பார்கள். அது சரி. ஆனால் காட்டிக்கொண்டே அதே காற்றில் விலையும் போகிறதே, அங்கேதான் எனக்கு ஒட்டவில்லை. என் மனதில் நின்றது வேறு. ஏலத்துக்கு வந்த அந்தப் பழம் அரங்கத்துக்கு வெளியே ஒரு தள்ளுவண்டியில் 35 சென்ட்டுக்கு வாங்கியது. விற்றவர் வங்கதேசத்திலிருந்து வந்த முதியவர். என்ன விலைக்குப் போனது என்று பத்திரிகைக்காரர் சொன்னதும் அவர் அழுதுவிட்டார். அந்தப் படைப்பு தொட வேண்டிய இடத்தை அந்த அழுகை தொட்டது என்று நினைக்கிறேன். படைப்பு தானாக அங்கே போகவில்லை.

அழியும் பொருளை, மாற்றி வைக்கும் பொருளைக் கலையாக்குவதில் எனக்கு மறுப்பு இல்லை. ஃபெலிக்ஸ் கொன்சாலெஸ்-டோரஸ் 1991-இல் செய்த மிட்டாய்க் குவியலைப் பாருங்கள். வண்ணத்தாள் சுற்றிய மிட்டாய்கள், முழு எடை 175 பவுண்டு, சுமார் 79 கிலோ. பார்க்க வருகிறவர்கள் எடுத்துச் சாப்பிடலாம். அவருடைய துணைவர் ராஸ் அந்த ஆண்டு எய்ட்ஸ் நோயில் இறந்தார். நாம் ஒவ்வொருவரும் ஒன்று எடுக்க எடுக்கக் குவியல் மெலிகிறது. அப்புறம் யாரோ நிரப்புகிறார்கள். இதுவும் கடையில் வாங்கியதுதான், இதிலும் கைவேலை இல்லை. படத்தில் பார்த்ததற்கே எனக்குத் தொண்டை அடைத்தது. என் அப்பா கடைசி மாதங்களில் மெலிந்துகொண்டே போனதை நாங்கள் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறோம்.

"எல்லாரும் செல்ஃபி எடுக்கத்தானே வர்றாங்க?"

ஜப்பானியக் கலைஞர் யயோய் குசாமாவின் கண்ணாடி அறைகளைப் பற்றித்தான் இதை அதிகம் கேட்கிறார்கள். விளக்குகள் கண்ணாடிகளில் முடிவில்லாமல் பெருகும் அறைகள். உள்ளே நிற்க ஒரு நிமிடம்கூடத் தராத இடங்கள் உண்டு. அந்த ஒரு நிமிடமும் போன் பிடித்துப் போய்விடுகிறது.

குசாமா 1929-இல் பிறந்தவர். சிறு வயதில் புள்ளிகளும் பூக்களும் தன்னைச் சுற்றிப் படர்ந்து விழுங்குவதாகக் கண்டவர். 1970-களிலிருந்து டோக்கியோவில் ஒரு மனநல மருத்துவமனையில் தானாக விரும்பித் தங்கி, அருகிலிருக்கும் பணிக்கூடத்துக்குப் போய் வேலை செய்கிறவர். தன்னைக் கரைத்துவிடும் ஓர் அச்சத்துக்குள் நம்மை அழைத்துப் போகிறார். நாமோ அங்கே நம் முகத்தைத் தேடுகிறோம். முதல் அரை நிமிடம் போனைப் பையில் வையுங்கள். அப்புறம் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

"குழந்தைகளைக் கூட்டிட்டுப் போகலாமா?"

கண்டிப்பாக. அவர்கள் அர்த்தம் கேட்பதில்லை. எர்ணாகுளத்திலிருந்து ஃபோர்ட் கொச்சிக்குப் படகில் போங்கள், பாதி சந்தோஷம் அங்கேயே கிடைத்துவிடும். ஒரு நாளில் பத்துப் படைப்புக்கு மேல் வேண்டாம்.

"உங்களுக்குப் பிடிக்காத ஆளே கிடையாதா? எல்லாத்துக்கும் ஒரு சமாதானம் சொல்றீங்களே?"

பிரிட்டிஷ் கலைஞர் டேமியன் ஹிர்ஸ்ட். 1991-இல் ஒரு சுறாவை ஃபார்மலின் தொட்டியில் வைத்துக் காட்டினார். சுறா கெட்டுப்போகவே 2006-இல் வேறு சுறா வைத்தார்கள். சாவை நேருக்கு நேர் நிறுத்துகிறது என்று சொல்வார்கள். அதற்கடுத்து 2007-இல், ஒரு மண்டையோட்டைப் பிளாட்டினத்தில் வார்த்து 8,601 வைரங்களைப் பதித்தார். விலை 5 கோடி பவுண்டு என்றார்கள். எத்தனையோ தடவை படங்களையும் கட்டுரைகளையும் பார்த்துவிட்டேன். சாவைப் பற்றிய எந்த நினைப்பும் எனக்கு வரவில்லை. விலைதான் நினைவுக்கு வருகிறது. மிட்டாய்க் குவியலில் இருந்த சாவு இந்த வைரத்தில் இல்லை.

பிடிக்கவில்லை என்று சொன்னால் புரியவில்லை என்று நினைத்துக்கொள்வார்களோ என்ற கூச்சம் பலருக்கு இருக்கிறது. வேண்டாம். எதைப் பார்த்தீர்கள், எங்கே விலகினீர்கள் என்று சொல்ல முடிந்தால் போதும்.

"எல்லாம் வெளிநாடு, வடக்கு. நம்ம ஆளுங்க யாருமே இல்லையா?"

இருக்கிறார்கள். திருவண்ணாமலையில் பிறந்து சென்னையில் வேலை செய்யும் பெனித்தா பெர்சியாள் 2014 பினாலேயில் இருந்தார். பெப்பர் ஹவுஸ் கிடங்குக்குள் நுழையும் முன்பே சாம்பிராணி வாசனை வந்தது. குந்திரிக்கம், வெள்ளைப்போளம், மரப்பட்டைத் தூள், மசாலாப் பொருள்கள் எல்லாம் சேர்த்துச் செய்த கிறிஸ்தவ உருவங்கள். மிளகும் மதமும் ஒரே கடல்வழியாக வந்து இறங்கிய ஊரில் அந்த வாசனையே வரலாறாக நின்றது. தமிழாசிரியர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். "யவனர் தந்த வினைமாண் நன்கலம்" என்று முணுமுணுத்தார். பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய கப்பல்களைப் பற்றிய அகநானூற்றுப் பாட்டின் வரி அது.

யாழ்ப்பாணத்தின் தா. சனாதனனை நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். போரில் வீட்டை விட்டு வெளியேறியவர்களிடம், விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார். அந்தக் கோணல்மாணல் கோடுகள் ஒரு தாளில். அதையே கட்டடக் கலைஞர் அளவாக வரைந்தது இன்னொன்றில். சனாதனனின் சொந்த ஓவியம் மூன்றாவதாக. 2011-இல் ஒரு கோப்பு வடிவில் வெளிவந்த இதற்கு 'முற்றுப்பெறாத தோம்பு' என்ற பொருளில் பெயர். தோம்பு என்றால் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. உறுதிப் பத்திரம் தொலைந்தவர்களுக்குக் கிணறு எந்தப் பக்கம், சாமியறை எந்தப் பக்கம் என்பது தொலையவில்லை. அரசு வைத்திருக்க வேண்டிய பதிவை இடம்பெயர்ந்தவர்களின் கை வரைகிறது. சமகாலக் கலை எதற்கு என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்லும் பெயர் இதுதான்.

"அடுத்தவங்க துயரத்தை வெச்சுக் கலை பண்றது சரியா?"

இதற்கு ஒரே குடும்பத்துக் குழந்தைகளைப் பற்றிய இரண்டு படைப்புகளைச் சொல்கிறேன். 2015 செப்டம்பரில் சிரியாவின் ஆலன் குர்தி என்ற சிறுவனின் உடல் துருக்கிக் கடற்கரையில் குப்புறக் கிடந்த படத்தை உலகமே பார்த்தது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் அய் வெய்வெய், கிரேக்கத் தீவான லெஸ்போஸில் ஒரு கூழாங்கல் கரையில், அந்தச் சிறுவன் கிடந்த மாதிரியே தான் படுத்துப் படம் எடுத்துக்கொண்டார். ஓர் இந்தியப் பத்திரிகைக்காக எடுத்தது; டெல்லி கலைச் சந்தையிலும் வைத்தார்கள்.

அதே 2016 இறுதியில் கொச்சியில், சிலி நாட்டுக் கவிஞர் ரவுல் சூரிட்டாவின் 'வலியின் கடல்'. நீண்ட கிடங்கு அறை முழுக்கக் கடல்நீர். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி நடக்க வேண்டும். பக்கச் சுவர்களில் கேட்கவில்லையா, பார்க்கவில்லையா என்பது போன்ற சிறு சிறு வரிகள். கடைசிச் சுவரை அடைந்தால்தான் யாரைப் பற்றியது என்று தெரியும். ஆலன் இல்லை, அவனோடு மூழ்கிய அண்ணன் காலிப். அவனுக்குப் படம் கிடையாது. நான் அவனுடைய தகப்பன் இல்லை, ஆனால் அவன் என் மகன் என்று முடியும். சிலியின் சர்வாதிகாரி பினோசே ஆட்சியில் கப்பலில் அடைத்துச் சித்திரவதை செய்யப்பட்டவர் சூரிட்டா. திரும்பி அதே தண்ணீரில் நடந்துதான் வெளியே வர வேண்டும். வாசலுக்கு வந்து கால் துடைக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. யாரும் பேசவில்லை.

ஒருவர் எல்லாரும் பார்த்த படத்துக்குள் தன் உடம்பை வைத்தார். இன்னொருவர் யாரும் பார்க்காத குழந்தைக்காக நம் கால்களை நனைத்தார். சரியா தவறா என்று விதி சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் துயரப்பட்டவர் இருந்த இடத்தில் கலைஞர் வந்து படுத்துக்கொண்டால் எனக்கு மூச்சு முட்டுகிறது.

"விதை பண்ணினவரும் இவர்தானே? அப்போ அய் வெய்வெயை இனிமே பார்க்க மாட்டீங்களா?"

பார்ப்பேன். இதில் எனக்கு உண்மையிலேயே விடுபடாத புதிர் ஒன்று இருக்கிறது. 2008-இல் சிச்சுவான் நிலநடுக்கத்தில் பள்ளிக்கூடங்கள் இடிந்து ஆயிரக்கணக்கான பிள்ளைகள் இறந்தார்கள். கட்டடம் ஏன் இடிந்தது, யார் யார் இறந்தார்கள் என்று அரசு சொல்லாதபோது, தன்னார்வலர்களோடு போய்ப் பெயர்களைத் திரட்டியவர் அய். 2009-இல் ம்யூனிக் அருங்காட்சியகத்தின் முகப்பு முழுக்க 9,000 பள்ளிப் பைகளை மாட்டினார். வண்ணப் பைகளால் ஆன சீன எழுத்துகள். ஏழு வருடம் அவள் இந்த உலகத்தில் சந்தோஷமாக வாழ்ந்தாள் என்று ஒரு தாய் தன் மகளைப் பற்றிச் சொன்ன வாக்கியம் அது. குழந்தையின் உடல் இல்லை, கலைஞரின் உடலும் இல்லை. பைகளும் அம்மாவின் சொல்லும் மட்டும்.

2011-இல் சீன அரசு அவரை 81 நாள் அடைத்து வைத்தது. இவ்வளவு பார்த்த, இவ்வளவு அடக்கம் தெரிந்த ஒருவர், பைகளை மாட்டி ஏழு வருடம் கழித்து, லெஸ்போஸ் கரையில் ஏன் படுத்தார்? உலகம் பைகளைக் கவனிக்காது, தன் முகத்தைத்தான் கவனிக்கும் என்று தோன்றிவிட்டதா? லெஸ்போஸில் தினமும் படகுகளைப் பார்த்துப் பார்த்துத் தாங்க முடியாமல் போய்விட்டதா? பேத்தியின் பள்ளிப் பை வாசலில் மாட்டியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ம்யூனிக் சுவர்தான் நினைவுக்கு வருகிறது, அந்தப் புகைப்படம் வருவதில்லை.